சென்னை விமான நிலையத்திலிருந்து புதுச்சேரிக்குக் காரில்: எந்த வழி, எந்த நேரம்?

கேள்வி இதுதான்: ஜெர்மனியிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வருகிறார். விமானம் நள்ளிரவு தாண்டி சென்னையில் இறங்கும். மனைவி, நான்கு வயதுக் குழந்தை, எழுபதைக் கடந்த அப்பா அம்மா. விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்து, ராத்திரியோடு ராத்திரியாகத் தானே புதுச்சேரிக்கு ஓட்டிவிடலாமா? ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை நல்லதா, திண்டிவனம் வழி நல்லதா? எத்தனை மணி நேரம் ஆகும்?

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். போகும்போது திண்டிவனம் வழி, திரும்பும்போது ஈ.சி.ஆர். இரண்டுமே பகலில். இறங்கிய ராத்திரியில் ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டாம். இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம் என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

பன்னிரண்டரைக்கு விமானம் இறங்கினாலும், குடியேற்றச் சோதனை, பெட்டி வருவது, சுங்கம், வெளியே வந்து வண்டியைத் தேடுவது எல்லாம் முடிய எப்படியும் இரண்டு மணி ஆகும். அப்போது உங்களுக்குத் தூக்கம் வராது. குளிர்காலக் கணக்கில் ஜெர்மனியில் அது இரவு ஒன்பதரைதான். நன்றாகத்தானே இருக்கிறேன், ஓட்டிவிடலாம் என்று மனசு சொல்லும். சிக்கலே அதுதான். நாலரை மணிக்கு, மதுராந்தகம் தாண்டி நேர்ச்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது உங்கள் உடம்புக்கு நள்ளிரவு ஆகியிருக்கும். காலையில் எழுந்து, பயணம் முழுக்கக் குழந்தையைச் சமாளித்து வந்த உடம்பு அது. அந்த நேரத்தில் கண் மூடினால் மூடினதே தெரியாது.

அடுத்தது, சாலை. திண்டிவனம் பக்கம் போகும் தேசிய நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோட்டில் இரவில் லாரிகள் அதிகம். ஓடுகிற லாரியைவிட நிற்கிற லாரிதான் ஆபத்து. இடது ஓரத்தில், சில நேரம் பாதி வண்டி சாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்க, விளக்கு இல்லாமல், பின்னால் ஒட்டிய பிரதிபலிப்பு ஸ்டிக்கர் மண்ணேறிப் போய் நிற்கும். எதிர்ச்சாலையிலிருந்து வரும் பேருந்துகளின் ஹைபீம் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்த அடுத்த நொடியில்தான் அது தெரியும். ஜெர்மனியில் வலப்பக்கம் ஓட்டிப் பழகிய கை, கால், கண் எல்லாம் இங்கே இடப்பக்கத்துக்கு மாற வேண்டும். இண்டிகேட்டர் போடப் போய் வைப்பரைத் தட்டுவீர்கள். அதெல்லாம் பகலில் ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். பழகுவதற்கான இடம் அதிகாலை மூன்று மணி தேசிய நெடுஞ்சாலை அல்ல.

அதனால் மீனம்பாக்கம், பல்லாவரம் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு அறை போட்டுத் தூங்குங்கள். முன்கூட்டியே பதிவு செய்யும்போது, ராத்திரி இரண்டு மணிக்கு வருவோம் என்று போனில் சொல்லிவிடுங்கள். பதிவை முந்தைய நாள் தேதியில் போட வேண்டும், நீங்கள் இறங்கும் நாளின் தேதியில் அல்ல. இதைக் கவனிக்காமல் நடு ராத்திரியில் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் நிறைய. காலையில் நிதானமாக எழுந்து கிளம்பலாம். பெரியவர்கள் எப்படியும் ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார்கள் என்றால் ஆறு மணிக்குக் கிளம்புவது இன்னும் நல்லது. நகரத்தைவிட்டு வெளியே போகும் பக்கம் அந்த நேரத்தில் காலியாக இருக்கும். ஏழரைக்கு மேல் மறைமலைநகர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் சேர்ந்துகொள்ளும்.

சரி, நீங்களே ஓட்டுவதா, டிரைவரோடு வண்டி எடுப்பதா?

உங்கள் நிலைமையில் போகும்போது டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். புதுச்சேரியில் கார் ஒரு சுமை. நீங்கள் தங்கப்போவது கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதி என்றால் அங்கே தெருக்கள் குறுகல், பாதி ஒருவழி. பீச் ரோட்டில் மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள். நடந்து சுற்றுவதற்கென்றே அமைந்த ஊர் அது. மூன்று நாள் நிறுத்தியே வைக்கப்போகிற காருக்கு வாடகை கொடுப்பானேன்? ஒருவழி டிராப் பேசிப் போய் இறங்கிவிட்டு, திரும்பும் நாளுக்கு அங்கிருந்து இன்னொரு வண்டி பேசிக்கொள்ளலாம்.

வண்டி பேசும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. ஐந்து பேர், வெளிநாட்டுப் பெட்டிகள் நாலைந்து என்றால் செடான் போதாது. சென்னையில் ஓடும் டாக்சிகளில் பலவற்றில் டிக்கிக்குள் சி.என்.ஜி. சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். படத்தில் பெரிய டிக்கியாகத் தெரிவது நேரில் பாதிதான். இன்னோவா, எர்டிகா மாதிரி வண்டி கேளுங்கள். எர்டிகாவில் கடைசி வரிசையை மடக்கினால் டிரைவரோடு ஆறு பேருக்கு இடம் போதாது, மடக்காவிட்டால் பெட்டிகளுக்கு இடம் குறைவு. மேலே கேரியர் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், புதுச்சேரி யூனியன் பிரதேசம். தமிழ்நாட்டு வாடகை வண்டி அங்கே நுழைய பெர்மிட் வேண்டும். சொன்ன தொகைக்குள் டோல், பெர்மிட், டிரைவர் பேட்டா எல்லாம் அடக்கமா என்று முதலிலேயே தெளிவாகக் கேட்டு, பதிலை மெசேஜாக வாங்கி வைத்துக்கொண்டால் இறங்கும்போது பேச்சு வளராது. இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: ராத்திரி தூங்கினீர்களா? நீங்கள் ஆறு மணி நேரம் தூங்கிவிட்டு வந்து, இரவெல்லாம் விமான நிலைய சவாரி அடித்த டிரைவரின் வண்டியில் ஏறினால் எல்லாம் வீண். கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. முந்தைய நாளே சொல்லி வைத்தால் ஓய்வெடுத்த ஆளாக அனுப்புவார்கள்.

நானேதான் ஓட்டுவேன் என்றால், ஜெர்மன் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், இரண்டும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். பழைய இந்திய லைசென்ஸ் இன்னும் காலாவதி ஆகாமல் இருந்தால் அதுவே போதும். வாடகைக்கு வரும் கார் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்தோடு இருக்க வேண்டும். அதுதான் தானே ஓட்டும் வாடகை வண்டிக்கான அடையாளம். வெள்ளை பிளேட் வண்டி யாரோ ஒருவரின் சொந்த வண்டி. மலிவாகக் கிடைக்கும், ஆனால் விபத்து என்று வந்தால் காப்பீட்டுக் கம்பெனி வாடகைக்கு விட்டதைக் காரணம் காட்டிக் கையை விரித்துவிடும். டோல் கட்டணத்தைத் தானாகக் கழிக்கும் ஸ்டிக்கரான ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று வண்டி கொடுப்பவர் முன்னாலேயே பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை டோல்களில் ஃபாஸ்டேக் வேலை செய்யாவிட்டால் கூடுதல் கட்டணம் கொடுக்க வேண்டிவரும். வண்டியைச் சுற்றிவந்து நாலு பக்கமும் வீடியோ எடுங்கள், ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா பாருங்கள். குழந்தை சீட் இங்கே வாடகை வண்டிகளோடு வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருக்கும் சீட்டையே கொண்டுவாருங்கள், பெரும்பாலான விமான நிறுவனங்கள் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம். பல வண்டிகளில் சீட் கவருக்கு அடியில் பெல்ட்டின் கொக்கி புதைந்துபோயிருக்கும். அப்பா அம்மா ஏறுவதற்கு முன்பே அதை வெளியே இழுத்து வைத்துவிடுங்கள்.

டாக்சி எதுவாக இருந்தாலும், டெர்மினல் வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். ஆப் மூலம் பிடிக்கும் வண்டிகள் எதிரே உள்ள பல அடுக்குப் பார்க்கிங்கில்தான் ஏற்றும். டிராலியோடு கொஞ்சம் நடக்க வேண்டும். வயதானவர்கள் இருப்பதால் பேட்டரி வண்டி உண்டா என்று அங்கே கேளுங்கள். பறக்கும் முன்பே விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்தால் உதவியாளர் கூடவே வருவார், குடியேற்ற வரிசையும் சுலபமாகும்.

இப்போது சாலை.

திண்டிவனம் வழி சுமார் 140 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் சாப்பாட்டுக்கு நிறுத்தியும் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். பகலில் மூன்றரை, நாலு. வெள்ளிக்கிழமை மாலை, தொடர் விடுமுறைக்கு முந்தைய மாலை என்றால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் தாண்டுவதற்கே ஒன்றரை, இரண்டு மணி நேரம் போகும். தென்மாவட்டங்களுக்குப் போகும் அத்தனை பேரும் அதே ஒற்றைச் சாலையில்தான் நிற்கிறார்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு வெளியூர் பஸ்கள் அங்கிருந்து கிளம்புகின்றன, அந்த முனையத்துக்கு வந்து போகும் கூட்டமும் இதே சாலையில்தான் சேர்கிறது.

விமான நிலையத்தைவிட்டு வெளியே வரும்போது கிண்டிப் பக்கம், தாம்பரம் பக்கம் என்று பிரியும். தாம்பரம் பலகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் செங்கல்பட்டு வரை யோசிக்க ஒன்றுமில்லை, நேராகப் போக வேண்டியதுதான். பரனூரில் முதல் டோல். செங்கல்பட்டு தாண்டிப் பாலாற்றுப் பாலம் வரும். வருஷத்தில் பெரும்பாலும் மணல்தான், மழைக்காலத்தில் தண்ணீரைப் பார்த்தால் அப்பா நிச்சயம் வண்டியை நிறுத்தச் சொல்வார். பாலத்தில் நிறுத்தாதீர்கள்.

மதுராந்தகம் ஏரியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊருக்குள் இருக்கும் ராமருக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர். 1798இல் பெருமழையில் கரை உடையப்போகும் தறுவாயில், கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் கண்ணுக்கு ராம லட்சுமணர் வில்லோடு கரையில் நிற்பது தெரிந்தது, கரையும் உடையவில்லை என்பது ஊர்க்கதை. அம்மாவுக்குப் பிடிக்கும். நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் போய்த் திரும்ப அதிக நேரம் ஆகாது. காலைச் சாப்பாட்டையும் செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவில் முடித்துவிடுங்கள். ஹோட்டல் தேர்வுக்கு என் ஒரே அளவுகோல் கழிப்பறை. வயதானவர்களோடு போகும்போது இட்லியைவிட அதுதான் முக்கியம். முதலில் ஒருவர் இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும், மேற்கத்திய வகைக் கழிப்பறை இருந்தால் மற்றவர்கள் இறங்கலாம்.

மேல்மருவத்தூரில் வேகத்தைக் குறையுங்கள். செவ்வாடை பக்தர்கள் கூட்டமாகச் சாலையைக் கடப்பார்கள். விசேஷ நாட்களில் போலீஸ் தடுப்புகளை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். அதைத் தாண்டி ஆத்தூர் டோல், அப்புறம் திண்டிவனம்.

இந்த வழியில் கவனம் சிதறாமல் பார்க்க வேண்டிய ஒரே திருப்பம் திண்டிவனம்தான். நேராகப் போகும் பெரிய சாலை விழுப்புரம், திருச்சிக்கு. புதுச்சேரி சாலை இடப்பக்கம் பிரியும். கடைசி நேரத்தில் வலது லேனிலிருந்து இடப்பக்கம் பாய்வதுதான் அங்கே நடக்கும் தவறு. திண்டிவனம் பலகை தெரிய ஆரம்பித்ததும் இடது லேனுக்கு வந்துவிடுங்கள். தவறவிட்டால் விட்டதுதான், அடுத்த திருப்பத்தில் சுற்றி வாருங்கள். அங்கே பின்னோக்கி வண்டியை எடுப்பவர்களைப் பார்த்து நாமும் எடுக்கக் கூடாது. அதன் பிறகு நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவு. கிளியனூர் தாண்டி, பஞ்சவடி ஆஞ்சநேயர் கோயில் வரும், 36 அடி உயரச் சிலை. மொரட்டாண்டியில் ஒரு டோல். கோரிமேட்டில் மாநில எல்லை, ஜிப்மர் மருத்துவமனை, கொஞ்ச தூரத்தில் ராஜீவ் காந்தி சதுக்கம். அங்கிருந்து கடற்கரைக்குக் கூகுள் மேப் சொல்வதைக் கேட்கலாம், ஒருவழிப் பலகைகளை மட்டும் கண்ணால் பார்த்து ஓட்டுங்கள். ஒன்பதரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டால் அறை தயாராக இருக்காது, பெட்டிகளை வைத்துவிட்டுக் குழந்தைக்குக் கடலைக் காட்டலாம். கடற்கரைச் சாலையை ஒட்டிப் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், அங்கே தண்ணீரில் இறங்க வேண்டாம்.

ஜெர்மனியில் பழகியவருக்கு இங்கே சில சைகைகளுக்கு அர்த்தம் தலைகீழ். எதிரே வருபவர் ஹெட்லைட்டை வெட்டினால் உங்களுக்கு வழி விடுகிறார் என்று அர்த்தமில்லை. நான் வருகிறேன், நீ நில் என்று அர்த்தம். இதை நம்பித் திரும்பினால் மோதல்தான். ஹாரன் கோபம் இல்லை, பக்கத்தில் இருக்கிறேன் என்ற அறிவிப்பு. நான்கு வழிச் சாலையின் வலது லேனில் லாரி மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும், விலகாது. இடப்பக்கமாகத்தான் முந்த வேண்டிவரும், அதற்கு முன் இடது ஓரத்தில் எதிர்த்திசையில் பைக் ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். வரும். சாலை நடுவே இடைவெளி இருக்கும் ஒவ்வொரு ஊர் முனையிலும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். மணிக்கு எண்பதில் போனால் போதும், நூறில் போய் நீங்கள் மிச்சப்படுத்தும் நேரம் ஒரு டோல் வரிசையில் காணாமல் போய்விடும்.

ஈ.சி.ஆர். பற்றி இவ்வளவு நேரம் பேசாததற்குக் காரணம், அந்தச் சாலை எனக்கு மிகவும் பிடிக்கும். அதைக் களைப்போடு, அவசரத்தில், இருட்டில் கடந்துவிடுவது எனக்குப் பொறுக்காது. சுமார் 150 கிலோமீட்டர். தூர வித்தியாசம் பெரிதில்லை, நேர வித்தியாசம்தான் பெரிது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை நல்ல நான்கு வழிச் சாலை. அதற்குத் தெற்கே புதுச்சேரி வரை அகலப்படுத்தும் வேலை பல கட்டங்களாக நடக்கிறது. அகலமான சாலை திடீரென்று சுருங்கும், மாற்றுப் பாதையில் இறங்கி ஏறும், புழுதி பறக்கும். நடுவில் மீனவக் கிராமங்கள். மாலையில் கடலிலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் ஆட்கள் சாலையைக் குறுக்கே கடப்பார்கள், மாடு படுத்திருக்கும், விளக்கில்லாத சைக்கிள் வரும். பல கிலோமீட்டருக்குத் தெருவிளக்கே இல்லை. இருட்டில் அந்தத் தென்பகுதியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

விமான நிலையத்திலிருந்து ஈ.சி.ஆரைப் பிடிப்பதும் ஒரு வேலை. ஈ.சி.ஆர். விமான நிலையத்தின் பக்கத்தில் இல்லை, நகரத்தின் மறு விளிம்பில் இருக்கிறது. பல்லாவரத்தில் இடப்பக்கம் திரும்பி ரேடியல் ரோடு வழியாகக் கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தாண்டித் துரைப்பாக்கம் போய், ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் சோழிங்கநல்லூர் வரை வந்து, இடப்பக்கம் திரும்பி அக்கரையில் ஈ.சி.ஆரைத் தொட வேண்டும். ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை நடப்பதால் சாலை நெருக்கமாக இருக்கிறது, அலுவலக நேரத்தில் சோழிங்கநல்லூர் சிக்னல் பொறுமையைச் சோதிக்கும். இன்னொரு வழி, ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே வண்டலூர் வரை போய், மிருகக்காட்சிசாலை தாண்டி இடப்பக்கம் கேளம்பாக்கம் சாலையில் திரும்புவது. மாம்பாக்கம், புதுப்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம், அங்கிருந்து கோவளம். மாமல்லபுரம்தான் போகிற ஊர் என்றால் காலை வேளையில் நான் இந்த வழியில்தான் போவேன். ரேடியல் ரோட்டின் சிக்னல்களும் ஓ.எம்.ஆரும் தப்பும். தாம்பரம் நெரிசல் இருக்கும் மாலைகளில் மட்டும் ரேடியல் ரோடு.

இந்த முடிச்செல்லாம் வேண்டாம் என்றுதான் ஈ.சி.ஆரைத் திரும்பும் நாளுக்கு வைக்கச் சொல்கிறேன். உங்கள் திரும்பும் விமானமும் நள்ளிரவில்தான் இருக்கும், ஆகவே ஒரு முழுப் பகல் கையில் இருக்கிறது. காலை எட்டு மணிக்குப் புதுச்சேரியைவிட்டுக் கிளம்புங்கள். காலாப்பட்டு, பல்கலைக்கழக வளாகம் தாண்டினால் மரக்காணம். சாலையின் இரு பக்கமும் உப்பளங்கள், பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஓரத்தில் குவித்து ஓலை போட்டு மூடிய வெள்ளைக் குவியல்கள். வெயில் காலத்தில் போனால் உப்பு வாருவதை நின்று பார்க்கலாம், குழந்தைக்கு உப்பு எங்கிருந்து வருகிறது என்று அங்கே ஒரே நிமிஷத்தில் விளங்கிவிடும். பக்கத்தில்தான் கழுவேலி ஏரி. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2024இல் சேர்ந்தது, குளிர்காலத்தில் பறவைகள் வரும்.

கடப்பாக்கத்தில் வலப்பக்கம் கடலை நோக்கித் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, பத்தே ஆண்டில் ஆங்கிலேயர்கள் இடித்துப்போட்டார்கள். இடிந்த சுவருக்கு அந்தப் பக்கம் முகத்துவாரம், மணல்திட்டு, கடல். அங்கே நிழல் குறைவு, பெரியவர்களுக்குக் குடை வேண்டும். வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்பா சொன்னால் கட்டாயப்படுத்த வேண்டாம்.

கூவத்தூர் தாண்டி மறுபடி பாலாறு வரும், இந்தத் தடவை கடலில் கலக்கப்போகும் இடத்துக்குப் பக்கத்தில். அடுத்து கல்பாக்கம். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை இருக்கிறது, நேரமிருந்தால் போகலாம். மாமல்லபுரத்தில் மதியச் சாப்பாடு. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட்தான். அர்ச்சுனன் தபசு தெருவோரமே இருப்பதால் நடக்க முடியாதவர்களுக்கு அதுதான் வசதி. காரை விட்டு இறங்கி நாலடி வைத்தால் பாறை முழுக்கக் கண் முன்னால். யானைகளின் காலடியில் தவம் செய்யும் பூனையைக் குழந்தையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மதிய வெயிலில் ஐந்து ரதத்து மணல் காலைச் சுடும். மூன்று மணி வரை எங்காவது நிழலில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் போவது நல்லது. வடநெம்மேலி முதலைப் பண்ணையும் சாலையோரம்தான். ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கியது, குழந்தை கேட்டால் மறுக்காதீர்கள். அங்கிருந்து கோவளம், கேளம்பாக்கம், வண்டலூர், ஜி.எஸ்.டி. ரோடு வழியாக விமான நிலையம். ஏழு ஏழரைக்குச் சேர்ந்துவிடலாம். அந்த நேரம் தெற்கிலிருந்து நகரத்துக்குள் வரும் பக்கமும் நெரிசலாக இருக்கும், ஆனால் நள்ளிரவு விமானத்துக்கு அது கவலையில்லை. திரும்பும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பும் மாலை அது, பரனூர் டோலிலும் ஈ.சி.ஆரிலும் வண்டிகள் ஊர்ந்துதான் வரும். ஞாயிறு தவிர்க்க முடியாவிட்டால் மாமல்லபுரத்திலிருந்து மூன்று மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

புதுச்சேரியில் பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு. வாடகைக் காராக இருந்தால் திரும்பும் காலையில் டாங்கை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மதுபானமும் விலை குறைவுதான், ஆனால் பாட்டிலை வண்டியில் வைத்து எல்லையைத் தாண்டக் கூடாது. சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள். சிக்கினால் வழக்கு, வண்டியையும் பிடித்து வைப்பார்கள், விமானம் போய்விடும்.

நீங்கள் வரும் மாதத்தைச் சொல்லவில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை என்றால் வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போதும் சென்னை விமான நிலையத்தையே மூட வேண்டி வந்தது. ஃபெஞ்சல் கரையைக் கடந்தது புதுச்சேரிக்கு அருகேதான். அந்த மாதங்களில் வந்தால் விமான நிலையம் பக்கத்து அறையையும் புதுச்சேரி அறையையும் ரத்து செய்ய முடிகிற கட்டணத்தில் பதிவு செய்யுங்கள். புயல் எச்சரிக்கை இல்லாத வெறும் மழை நாள் என்றால் திண்டிவனம் வழியிலேயே போகலாம், ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பல்லாவரம் ரேடியல் ரோட்டை மட்டும் அன்று தவிர்த்துவிடுங்கள், நாராயணபுரம் ஏரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் தேங்கும்.

எந்த மாதம், புதுச்சேரியில் எந்தத் தெருவில் தங்குகிறீர்கள் என்று சொல்லுங்கள். பெட்டிகளை இறக்க வண்டியை எதுவரை கொண்டுபோகலாம் என்று அதற்கேற்ப எழுதுகிறேன்.